தூண்டில் முள்ளை நீங்கள் பிடுங்காதீர்கள்

கடந்த ஞாயிறு இரவு ஏழரை மணிக்குப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை அவனுடைய தாய்மாமா கண் மருத்துவரான என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார். பையனின் வலது கண்ணைச் சுற்றிக் கம்பளி மஃப்ளரை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மாமாவின் கையில் ஒரு பொய்மீன், மீனை ஏமாற்றத் தூண்டில் நூலில் கட்டுவது. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளம். வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று என்று மூன்று முள் கொண்ட கொக்கிகள் இரண்டு. வால் கொக்கியின் ஒரு முனையில் பழுப்பு நிறத்தில் நூல்போல ஏதோ ஒட்டியிருந்தது. பாசி என்று நினைத்திருக்கிறார். அது பையனின் கண்ணுக்கு நிறம் கொடுக்கும் படலத்தின் ஒரு துண்டு.

"எடுத்துவிட்டேன் டாக்டர்" என்றார். கெட்டது முடிந்துவிட்டது என்ற நிம்மதி அவர் குரலில் இருந்தது.

இந்தக் குளிர்காலத்தில் இது மூன்றாவது கண். மூன்று பேரிடமும் கேட்ட முதல் வாக்கியம் இதுதான். "எடுத்துவிட்டேன்." இனியும் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன். (பெற்றோரின் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றி.)

நீலகிரியில் தூண்டில் போடுவது புதிதல்ல. 1907-இல் மீன்வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் டிரவுட் பொரிப்பகம் அமைத்த காலத்திலிருந்து இந்த மலையில் அந்த மீனுக்குப் பின்னால் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பழைய ஆட்கள் ஓடைக் கரையில் இறகு கட்டிய ஒற்றை முள்ளை வீசினார்கள். அதுவும் குத்தும், ஆனால் எடையே இல்லாத பொருள் அது. இப்போது வரும் இளைஞர்கள் வேறு. நியூசிலாந்தின் ஓஹாவ் கால்வாயில் 2020-இல் பிடிபட்ட இருபது கிலோ பிரௌன் டிரவுட்டின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, அதே சாமான்களோடு எமரால்டுக்கும் மேல்பவானிக்கும் போகிறார்கள். நம் நீர்த்தேக்கங்களில் நிலைத்துப் பெருகியது ரெயின்போ டிரவுட் என்பதைக்கூட யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. பிரௌன் டிரவுட் வேண்டுமென்றால் காஷ்மீருக்கும் இமாச்சலத்துக்கும் போக வேண்டும். மீன் எதுவானாலும் எனக்கு ஒன்றுதான். சாமான்தான் என் கவலை.

பெரிய பிரௌன் டிரவுட் பூச்சியை விட்டுவிட்டு மற்ற மீன்களைத் தின்னத் தொடங்கிவிடும். அதனால் அதற்குக் காட்டும் பொய்மீனும் பெரிதாகிறது, கனமாகிறது, கொக்கி இரட்டிக்கிறது. வெளிச்சம் மங்கிய பிறகே அது கரைப்பக்கம் வரும் என்பதால் வீசுவதும் விடியற்காலையிலும் அந்தி சாய்ந்த பிறகும்தான். தூரம் போக வேண்டுமே என்று நைலான் நரம்பை விட்டுவிட்டுப் பின்னல் நூலுக்கு மாறுகிறார்கள். நைலான் இழுத்தால் நீளும். பின்னல் நூல் நீளவே நீளாது. நம் நீர்த்தேக்கங்களின் அடியில் அணை கட்டியபோது மூழ்கிய மரங்களின் கட்டைகள் இருக்கின்றன. கொக்கி அதில் மாட்டும். மாட்டினால் இவர்கள் கம்பை வில்லாக வளைத்து வெடுக்கென்று இழுக்கிறார்கள். பொய்மீனின் விலை ஐந்நூறு ரூபாய், விட மனம் வராது. கட்டையிலிருந்து அது விடுபடும் நொடியில், வளைந்த கம்பில் தேங்கியிருந்த விசை முழுவதையும் வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்புகிறது. இருட்டில் யாருக்கும் அது தெரிவதில்லை.

மாமாவின் இடப்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான் பையன்.

இப்போது அந்த "எடுத்துவிட்டேன்" என்ற சொல்லுக்கு வருகிறேன். தமிழில் நாம் இதற்கு வைத்திருக்கும் பெயரே நம்மை ஏமாற்றுகிறது என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. தூண்டில் முள் என்கிறோம். முள் என்றதும் காலில் தைத்த முள் நினைவுக்கு வருகிறது. தைத்த முள்ளை உடனே எடுக்க வேண்டும், எடுத்தால் வலி போகும், ஒரு துளி ரத்தம் வந்து ஆறிவிடும் என்று பாட்டி காலத்திலிருந்து கை பழகியிருக்கிறது. காலில் தைக்கும் முள் நேரானது, வழவழப்பானது, போன வழியே திரும்பி வரும். தூண்டில் முள்ளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கிச் சாய்ந்து ஒரு சிறு எதிர்முள் நிற்கும். மீனின் வாயிலிருந்து வெளியே வராமல் இருக்கவே அதைச் செய்திருக்கிறார்கள். ஒரு கிலோ மீன் முழு பலத்தோடு உதறியும் கழற்ற முடியாத ஒன்றை, குழந்தையின் கண்ணிலிருந்து நீங்கள் இழுத்து எடுக்கிறீர்கள் என்றால், அது தானாகக் கழன்று வரவில்லை. வழியில் இருந்ததைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறது.

வழியில் இருப்பது என்ன? கண்ணின் முன்புறம் உள்ள, கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் கருவிழியின் (கார்னியா) நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் தடிமன். அதற்குப் பின்னால் ஒரு துளி திரவம். அடுத்து நிறப் படலம். கருவிழியிலிருந்து ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டருக்குள் லென்ஸ் வந்துவிடுகிறது. ஒரு நெல்மணியின் நீளம்கூட இல்லாத இந்த இடத்துக்குள் எதிர்முள் போய்த் திரும்பினால் எதில் மாட்டாமல் வரும்?

இன்னொன்று. கொக்கி உள்ளே நிற்கும்வரை அந்த ஓட்டையை அதுவேதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. கண் என்பது திரவம் நிறைந்த உருண்டை. ஆணி குத்திய டயரில் ஆணி இருக்கும்வரை காற்று மெதுவாக இறங்கும். ஆணியைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று எந்த ஜீப் ஓட்டுநரும் சொல்வார். கொக்கியோடு வரும் கண்ணை நான் மேசையில் வைத்து, நுண்ணோக்கியின் கீழ், எதிர்முள் இருக்கும் நுனியை வெளியே கொண்டுவந்து நறுக்கிவிட்டு மீதியைப் போன வழியே எடுக்க முடியும். இல்லையென்றால் கூர்மையான கத்தியால் நேரான ஒரு சிறு வெட்டு போட்டு எடுப்பேன். நேரான வெட்டைத் தைக்கலாம். கிழிசலைத் தைப்பது வேறு கதை. தலைமுடியில் பாதித் தடிமன்கூட இல்லாத நூலால், கிழிந்த விளிம்புகளைத் தேடித் தேடி ஒன்றுசேர்க்க வேண்டும். அந்த நூலும் நைலான்தான், பின்னல் நூலுக்கு மாறுமுன் உங்கள் ரீலில் சுற்றியிருந்த அதே பொருள்.

"பிள்ளை அழுதான் டாக்டர், பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை." முடியாதுதான். நானும் ஒரு தாய். ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன்: அந்த நேரத்தில் உங்கள் கைகளைக் குழந்தையின் கைகளைப் பிடித்துக்கொள்ள மட்டும் பயன்படுத்துங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். நூலைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள், கொக்கியைத் தொடாதீர்கள். பொய்மீன் தொங்கிக்கொண்டிருந்தால் அதன் எடை கண்ணை இழுக்கும். அதைக் கன்னத்திலோ நெற்றியிலோ பிளாஸ்திரியால் ஒட்டி அசையாமல் வையுங்கள். குறட்டால் கொக்கியை நறுக்க முயல வேண்டாம், அந்த அதிர்வு முழுவதும் கண்ணுக்குள் போகும். ஒரு காகித டம்ளரைக் கண்ணின்மேல் கவிழ்த்து, அதன் விளிம்பு புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் மட்டும் படும்படி ஒட்டுங்கள். கொக்கி பெரிதாக இருந்து டம்ளரில் அடங்கவில்லையென்றால் டம்ளரின் அடியை வெட்டிவிடுங்கள். தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள்.

கட்டுப் போடாதீர்கள். மஃப்ளர், துண்டு, கைக்குட்டை எதுவும் வேண்டாம். கிழிந்த கண்ணை இறுக்கிக் கட்டினால் உள்ளே இருப்பது வெளியே பிதுங்கும். அந்தப் பையனின் கண்ணுக்குக் கொக்கி செய்தது பாதி, மஃப்ளர் செய்தது மீதி.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து, ஏரித் தண்ணீர் எதையும் திறந்த காயத்தில் விடாதீர்கள். ஏன் என்று விளக்கப் போவதில்லை.

வழியில் டீக்கடையில் நிறுத்தாதீர்கள். பையன் மயங்கிவிடக் கூடாதே என்று பால் தேநீரும் இரண்டு வர்க்கியும் கொடுத்திருந்தார்கள், ஏழு மணிக்கு. அன்பினால் செய்ததுதான். முழு மயக்கம் கொடுக்க வேண்டிய குழந்தைக்கு அதற்குப் பிறகு ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். மயக்க மருத்துவர் காத்திருக்கச் சொன்னார். அவர் சொன்னது சரி. நள்ளிரவு ஒரு மணிக்குத்தான் முதல் தையல் போட்டேன். அதுவரை அந்தக் கண் திறந்தே கிடந்தது.

அடுத்தது, என்னிடம் பொய் சொல்லாதீர்கள். மீன்வளத்துறை உரிமம் இல்லாமல், காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போனவர்கள் "மரக்கிளை குத்திவிட்டது" என்கிறார்கள். போன மாதம் ஒருவர் இப்படித்தான் சொன்னார். மரக்கிளை என்றால் நான் பூஞ்சைத் தொற்றைத் தேடுவேன், மருந்தே மாறும். எஃகுக் கொக்கி என்றால் நுனி முறிந்து உள்ளே தங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் தேடுவேன்; எம்.ஆர்.ஐ. பக்கமே அனுப்ப மாட்டேன், காந்தம் அந்தத் துண்டை இழுக்கும். உரிமம் இல்லாமல் போகக் கூடாது என்பது வேறு விஷயம். மருத்துவரிடம் மறைத்தால் தண்டனை கண்ணுக்குத்தான்.

வரும்போது உங்கள் பெட்டியிலிருந்து அதே அளவிலான இன்னொரு கொக்கியையும் எடுத்து வாருங்கள். உள்ளே இருக்கும் எதிர்முள் எந்தப் பக்கம் பார்க்கிறது, எத்தனை பெரிது என்று அதைப் பார்த்துத்தான் நான் திட்டமிடுவேன். எங்கள் கத்தரிக்கோல்கள் தசையை வெட்டச் செய்தவை, கொக்கியின் எஃகு முன்னால் நிற்காது. எலும்பு அறுவைப் பிரிவிலிருந்து கம்பி நறுக்கியை இரவல் வாங்கி வைத்திருக்கிறேன். கொக்கி காதிலோ கையிலோ பின்கழுத்திலோ குத்தியிருந்தால் என்னிடம் வர வேண்டாம், அருகிலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிடுவார்கள். கண்ணிமையில் குத்தியிருந்தால் மட்டும் கண்ணிலேயே குத்தியதாக எண்ணிக்கொண்டு வாருங்கள். இமையைத் துளைத்த முனை அதோடு நின்றதா என்பது வெளியிலிருந்து தெரியாது.

இதெல்லாம் நடந்த பிறகு. நடக்காமல் இருக்க ஒரு கண்ணாடி போதும். குளிர்க் கண்ணாடி வைத்திருக்கிறோம் என்பார்கள். இருட்டியதும் அதைக் கழற்றித் தொப்பியின்மேல் ஏற்றிவிடுவார்கள். ஆபத்தான நேரமே அதுதான். ஹார்டுவேர் கடையில் கிரைண்டர் வேலை செய்கிறவர்கள் வாங்கும் நிறமற்ற பாலிகார்பனேட் கண்ணாடி கிடைக்கும். விலை உங்கள் பொய்மீன் ஒன்றைவிடக் குறைவு. தூண்டில் போடுகிறவருக்கு ஒன்று, பக்கத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒன்று. சாதாரண கண்ணாடிச் சில்லு போட்ட மூக்குக் கண்ணாடியை நம்பாதீர்கள், அது உடைந்து தானும் உள்ளே போகும்.

எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். ஒரு நிமிட வேலை. மீன் தப்பிவிடும் என்று வாதிடுவார்கள். நூலைத் தொய்யவிடாமல் இழுத்துவந்தால் தப்பாது என்று என்னிடம் சொன்னவர் நாற்பது ஆண்டுகள் தூண்டில் போட்ட என் அப்பா. மூன்று முள் கொக்கிகளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்ட முடிந்தால் இன்னும் நல்லது.

கட்டையில் மாட்டினால் கம்பை வளைத்து இழுக்காதீர்கள். கம்பைத் தண்ணீரை நோக்கி நேராக நீட்டி, எல்லோரையும் விலகச் சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நூலை ஒரு குச்சியில் சுற்றி மெதுவாகப் பின்னால் நடங்கள். வரவில்லையென்றால் அறுத்துவிடுங்கள். மீனைக் கரைக்கு ஏற்றும்போதும் இதே கதைதான்: பெரிய மீன் கரையருகே தலையை உதறும், கொக்கி கழன்று முகத்துக்கு நேராக வரும். குனிந்து பார்க்காமல் கைவலையால் அள்ளுங்கள். குழந்தைகளுக்கு இடம் பின்னால் பத்தடி தள்ளி. டார்ச் பிடிக்க அவர்களைக் கூப்பிடாதீர்கள், தலையில் மாட்டும் விளக்கு கடையில் இருக்கிறது.

மேல்பவானி, போர்த்திமந்து பக்கம் பல இடங்களில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. கிடைக்கும் முதல் இடத்தில் வண்டியை நிறுத்தி மருத்துவமனைக்குப் பேசுங்கள். கண்ணின் உட்புறம் கிழிந்திருந்தால் நாங்கள் தைத்துவிட்டு விழித்திரைச் சிகிச்சைக்குக் கோவைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். மழை பெய்து குன்னூர்ப் பாதையில் மண் சரிந்திருந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும், அதற்கும் நேரம் கணக்கிட வேண்டும். தொலைபேசியில் நான்கு விவரங்கள் போதும்: வயது என்ன, எத்தனை மணிக்குக் குத்தியது, கடைசியாக எப்போது சாப்பிட்டார், கொக்கி இன்னும் கண்ணில் இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு "இருக்கிறது, தொடவில்லை" என்று நீங்கள் சொன்னால், நீங்கள் வந்து சேருவதற்குள் அறுவை அரங்கில் விளக்கெரியும்.