வாஸ்கோடகாமா: ஆண்டு போதாது, மாதத்தையும் பாருங்கள்

பள்ளிக் கண்காட்சிக்கு இன்னொரு சார்ட் திருத்த வந்திருக்கிறது. லிஸ்பனிலிருந்து கோழிக்கோடுவரை ஆப்பிரிக்கக் கரையை உரசியபடி ஒரு சிவப்பு அம்புக்குறி. "இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தவர்" என்று தலைப்பு. போதாக்குறைக்கு ஓரத்தில் ஒரு வாட்ஸ்அப் துணுக்கு: காமாவினுடையதைவிட மும்மடங்கு பெரிய கப்பல் வைத்திருந்த குஜராத் வணிகர்தான் வழிகாட்டினாராம், "காமாவே டைரியில் எழுதியிருக்கிறார்". ஒரே சார்ட்டில், ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இரண்டு தப்புகள்.

டைரியை முதலில் முடித்துவிடுவோம். இந்தப் பயணத்தைப் பற்றி காமா எழுதிய டைரி எதுவும் இன்று கிடையாது. இருப்பது கூடப்போன ஒருவருடைய குறிப்பு. அதிலும் எழுதியவர் பெயர் இல்லை. ஆல்வாரு வெல்யு என்பது பிற்கால ஊகம். கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகமான மலிந்தியின் அரசர் அனுப்பிய வழிகாட்டியை அந்தக் குறிப்பு 'கிறித்தவர்' என்கிறது. கோழிக்கோட்டுப் பக்கம் ஒரு கோவிலுக்குள் போய், அது மாதா கோவில் என்று நம்பிக் கும்பிட்டுவிட்டு வந்தவர்கள் இவர்கள். சுவரில் இருந்த 'புனிதர்களுக்கு' நாலைந்து கைகள் இருந்ததாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே 'கிறித்தவர்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பின்னால் வந்த போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர்கள் குஜராத்தி முஸ்லிம் என்கிறார்கள். புகழ்பெற்ற அரபு மாலுமி இப்னு மாஜித் என்பதும் பிற்கால அரபு நூலொன்றிலிருந்து பரவியது. ஆய்வாளர் பலர் அதை ஏற்பதில்லை.

இப்போது 'கண்டுபிடித்தார்'. 1498 ஏப்ரல் 24 அன்று மலிந்தியில் பாய் விரித்தார்கள். மே 18 அன்று மலபார் மலைகள் தெரிந்துவிட்டன. 24 நாள்! கடல் தெரிந்த ஆள் கப்பலில் இருந்தார், காற்றும் பின்னாலிருந்து தள்ளியது. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்றின் சீற்றத்தால் மலபார்த் துறைகளை நெருங்க முடியாது என்பதும் அந்த ஆளுக்குத் தெரியும். அந்தக் கடலில் போக்குவரத்து நடந்து ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கும் மேல் ஆகியிருந்தது. செங்கடல் துறையான பெரனிகேயில் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தியச் சாடி ஒன்று ஏழரைக் கிலோ மிளகோடு தோண்டி எடுக்கப்பட்டிருக்கிறது.

திரும்பும்போது நடந்ததைப் பாருங்கள். ஆகஸ்ட் 29 அன்று கோழிக்கோட்டை விட்டார்கள். அக்டோபர் 5 அன்று கோவாவுக்குத் தெற்கே உள்ள அஞ்சதீவிலிருந்து மேற்கே கிளம்பினார்கள். ஆப்பிரிக்காவை நோக்கித் தள்ளும் வடகிழக்குக் காற்று இன்னும் நிலைக்கவில்லை. ஒரு நாள் எதிர்க்காற்று, மறுநாள் காற்றே இல்லை. அதே கடலைத் தாண்ட மூன்று மாதம், மூன்று நாள் குறைய. ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கிப் பல்லை மூட, சோறு இறங்காமல் முப்பது பேர் செத்தார்கள். ஒரு கப்பலுக்கு வேலை செய்ய ஏழெட்டுப் பேர்தான் மிச்சம். மலிந்தி சேர்ந்ததும் நோயாளிகளுக்கு ஆரஞ்சு வாங்கி வரச் சொன்னார்கள். பலருக்கு அது பிந்திப்போயிற்று. ஓட்ட ஆளில்லாமல் 'சாவ் ரஃபேல்' கப்பலைக் கொளுத்தினார்கள். பாடத்தில் '1498' மட்டும் இருந்தால் இதில் எதுவும் புரியாது.

அதற்காக காமா ஒன்றுமே செய்யவில்லை என்று எதிர்ப்பக்கம் சாயவும் வேண்டாம். 1497 ஆகஸ்ட் 3 அன்று கேப் வெர்டே தீவுகளை விட்டவர்கள் நவம்பர் முதல் வாரம்வரை கரையையே பார்க்கவில்லை. அட்லாண்டிக்கில் மேற்கே வெகுதூரம் வளைந்து, காற்றைப் பிடித்துத் தென்னாப்பிரிக்கா வந்தார்கள். புதுசு அதுதான்.

கோழிக்கோட்டு அரசர் சாமூதிரி முன் பொற்குவியலோடு காமா நிற்கும் ஓவியத்தைத் தயவுசெய்து ஒட்டாதீர்கள். அப்படிப்பட்ட ஓவியங்கள் பல நூற்றாண்டு கழித்து வரைந்தவை. கொண்டுபோன பரிசு இவ்வளவுதான்: 12 துண்டு கோடு போட்ட துணி, 4 சிவப்புக் குல்லாய், 6 தொப்பி, 4 சரம் பவளம், கை கழுவும் கிண்ணம் 6, ஒரு பெட்டி சர்க்கரை, இரண்டு பீப்பாய் எண்ணெய், இரண்டு பீப்பாய் தேன். பார்க்க வந்த அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். மெக்காவிலிருந்து வரும் ஏழை வணிகன்கூட இதைவிட அதிகம் தருவான், அரசருக்குத் தங்கம் கொண்டு வா என்றார்கள். ஆப்பிரிக்க மேற்குக் கரையில் விலைபோன சரக்கு உலகச் சந்தையான கோழிக்கோட்டில் எப்படி எடுபடும்?

ஆசிரியர்களே, அம்புக்குறியை அட்லாண்டிக்கில் வில்லாக வளையுங்கள். மலிந்தியில் ஒரு புள்ளி வைத்து, 'இங்கே வழிகாட்டி ஏறினார்' என்று எழுதுங்கள், பெயர் போடாதீர்கள். தலைப்பு 'ஆப்பிரிக்காவைச் சுற்றி ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு' என்று இருக்கட்டும். ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் காற்றின் திசையைக் குறியுங்கள். 'டைரியில் இருக்கிறது' என்று யாராவது அனுப்பினால், யாருடைய டைரி, எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தத் துணுக்கைச் சார்ட்டில் ஏற்றாதீர்கள்.