வல்னரபிலிட்டி: பலவீனமா, ஊறா?

வல்னரபிள், வல்னரபிலிட்டி (vulnerable, vulnerability) என்ற ஒரே ஆங்கிலச் சொல், தமிழில் இடத்துக்கு ஒரு பெயர் வாங்கிக்கொள்கிறது. தேர்தல் நேரத்தில் ‘பதற்றமான வாக்குச்சாவடி’. புயல் வந்தால் ‘எளிதில் பாதிக்கப்படக்கூடிய பகுதி’. அரசுக் கடிதங்களில் ‘நலிந்த பிரிவினர்’. கணினித் துறையில் ‘பாதுகாப்பு ஓட்டை’. எழுதப் பழகுகிறவர்களிடம் ‘வல்னரபிளா எழுதுங்க’ என்று மொழிபெயர்க்காமலே சொல்லிவிடுகிறார்கள். மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய கட்டுரை என்றால் மட்டும் அது ‘பலவீனம்’ ஆகிவிடுகிறது.

மற்றவற்றோடு எனக்குப் பெரிய வழக்கு இல்லை. வாக்குச்சாவடிக்குப் பதற்றம் பொருந்துகிறது, கணினிக்கு ஓட்டை அழகாகவே பொருந்துகிறது. மனிதருக்குப் பலவீனம் என்று எழுதுவதுதான் பிழை.

மூலத்தைப் பார்த்தால் பிழை தெரிந்துவிடும். இலத்தீனில் ‘வுல்னுஸ்’ என்றால் காயம். ‘வுல்னெராரே’ என்றால் காயப்படுத்து. அந்த வினையிலிருந்து ‘காயப்படுத்தப்படக் கூடிய’ என்ற பெயரடை பிறந்து, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்தது. வாள் படக்கூடிய தலை, அம்பு பாயக்கூடிய மார்பு என்ற போர்க்களப் பொருள் அதற்கு. வாள் பட்டால் வீரனுக்கும் காயம் உண்டு. அவன் பலசாலியா, நோஞ்சானா என்று அந்தச் சொல் சொல்வதே இல்லை. வெளியே ஓர் ஆயுதம் இருக்கிறது, அது இவன் மேல் படலாம். அவ்வளவுதான் அதன் பொருள்.

பலவீனம் அப்படிப்பட்ட சொல் இல்லை. அது ‘பலஹீனம்’ என்ற வடசொல்லின் திரிபு. ஹீனம் என்றால் அற்றது, இழந்தது. ‘அங்கவீனம்’ என்பதிலும் வால் இதே ஹீனம்தான். வல்னரபிளைப் பலவீனம் என்று பெயர்த்தவுடன் ஆயுதம் காணாமல் போகிறது. காயத்துக்குக் காரணம் காயப்பட்டவரின் உடம்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது.

தமிழில் உடற்குறையைச் சுட்டிய பழைய சொற்கள் பலவும் இதே வழியில்தான் போயிருக்கின்றன. புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் எட்டு வகை மனிதரைப் பட்டியலிடுகிறார்: சிதடு, பிண்டம், கூன், குறள், ஊம், செவிடு, மா, மருள். சிதடு என்றால் குருடு. குறள் என்றால் மிகக் குள்ளமான உருவம். நாம் பெருமையோடு சொல்லும் ஈரடி வெண்பாவின் பெயரும் அதே குறுமையிலிருந்து வந்ததுதான். இந்த எட்டையும் சேர்த்துப் புலவர் ‘எச்சம்’ என்கிறார், அதாவது குறைபாடு. அதோடு நிற்கவில்லை, இவை பேதைமை அல்லது ஊதியம் இல் என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார். அப்படிப்பட்ட பிறவியால் பயன் இல்லை என்பது கருத்து.

‘ஊனம்’ என்ற சொல்லும் குறையைத்தான் சொல்கிறது. இதைத் தசையைக் குறிக்கும் ‘ஊன்’ என்ற தமிழ்ச் சொல்லோடு சேர்த்துப் பொருள் சொல்வது பொருந்தாது. வடமொழியில் ‘ஊன’ என்றால் ‘குறைந்த’. பத்தொன்பதை அவர்கள் ‘ஊனவிம்சதி’, அதாவது இருபதில் ஒன்று குறைந்தது என்பார்கள். ஊனமுற்றவர் என்றால் முழு எண்ணிலிருந்து ஏதோ கழிக்கப்பட்டவர். எச்சம், ஊனம், அங்கவீனம், பலவீனம் என்ற நான்கும் வேறு வேறு வழியாக வந்து ஒரே கணக்கைத்தான் போடுகின்றன.

மாற்றுக் குரல் ஒன்றும் இருந்தது. ‘பொறியின்மை யார்க்கும் பழியன்று’ என்கிறது 618ஆம் குறள். பரிமேலழகர் பொறி என்பதற்கு விதி என்று உரை சொன்னார். இக்கால உரைகளில் சில அதை உடல் உறுப்பு என்று கொள்கின்றன. ஐம்பொறி என்ற வழக்கு நமக்கு இருப்பதால் இந்தப் பொருளை வலிந்து கொண்டது என்று தள்ள முடியாது. அப்படிக் கொண்டால், உறுப்புக் குறையையும் பழியையும் அந்தக் காலத்திலேயே ஒருவர் பிரித்துப் பார்த்திருக்கிறார்.

2010இல் தமிழ்நாட்டில் முதலமைச்சர் கருணாநிதி காலத்தில் ‘ஊனமுற்றோர்’ என்ற சொல் அரசு வழக்கிலிருந்து விலகி, ‘மாற்றுத்திறனாளி’ வந்தது. துறையின் பெயரும் மாறியது. கழித்தல் கணக்கை ஒழித்த சொல் என்பதால் பலர் அதை மனதார ஏற்றார்கள், இன்றும் அதுவே பொதுவழக்கு. 2015 டிசம்பரில் பிரதமர் வானொலி உரையில் ‘திவ்யாங்’ என்ற சொல்லை முன்வைத்தபோது, தெய்விக உறுப்பு என்ற பொருளே எங்களுக்கு வேண்டாம் என்று உரிமை அமைப்புகள் பல எதிர்த்தன. தெய்வமாக்குவதும் மனிதரிலிருந்து விலக்கிவைப்பதுதானே.

மாற்றுத்திறனாளியின் ஆங்கில மூலத்துக்கும் இப்படி ஓர் எதிர்ப்பு உண்டு. அமெரிக்க எழுத்தாளர் நான்சி மெயர்ஸுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் இருந்தது. 1986இல் வெளியான கட்டுரையில் அவர் தன்னை ‘கிரிப்பிள்’ என்றே அழைத்துக்கொண்டார். தமிழில் நொண்டி, முடவர் என்பதற்கு நிகரான முரட்டுச் சொல். ‘மாற்றுத் திறன் கொண்டவர்’ என்ற பொருளில் வந்த சொல்லை ஏற்க மறுத்தார். வளராத நாடுகளை ‘வளரும் நாடுகள்’ என்று பெயர் மாற்றிச் சமாதானம் அடைவதைப் போன்றது அது என்பது அவர் வாதம். தனக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் அது. வேறு யாரையும் அப்படி அழைக்க அது அனுமதி ஆகாது.

அதே கட்டுரையின் தொடக்கத்தை எழுத்தில் ஊறுபட, அதாவது காயம் படும்படி திறந்து நிற்பது என்றால் என்ன என்பதற்குப் பாடமாகவே வைக்கலாம். அலுவலகக் கட்டடத்தின் பெண்கள் கழிவறை. சட்டையை ஜீன்ஸுக்குள் செருகுகிறார், ஜிப்பை இழுக்கிறார், தண்ணீர் விடுகிறார், புத்தகப் பையை எடுக்கிறார், கொக்கியில் தொங்கிய கைத்தடியை எடுக்கிறார், தாழ்ப்பாளைத் திறக்கிறார். இத்தனை அசைவுகள் சேர்ந்து நிலைதடுமாற வைக்கின்றன. கதவை இழுத்ததும் பின்பக்கமாகச் சாய்ந்து கழிவறை இருக்கையிலேயே விழுகிறார், கவிழ்ந்த வண்டு போல. சனிக்கிழமை, கட்டடத்தில் ஆள் இல்லை. வாய்விட்டுச் சிரிக்கிறார்.

‘பாவம்’ என்று ஒரு சொல் இல்லை, ‘துணிச்சல்’ என்றும் இல்லை. அசைவுகளின் வரிசை மட்டுமே இருக்கிறது. அதைப் படிக்கிற நமக்கு ஒரு தாழ்ப்பாளைத் திறக்க எத்தனை தசைகள் ஒத்துழைக்க வேண்டும் என்பது முதல்முறையாகத் தெரிகிறது. தன்னைத் திறந்துகாட்டும் எழுத்து என்றால் அழுகையை அள்ளிக் கொட்டுவது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உணர்ச்சிச் சொற்கள் ஒரு கவசம்தான். ‘வேதனை’, ‘கண்ணீர்’ என்று எழுதியவுடன் என்ன நடந்தது என்று சொல்லும் கடமை தீர்ந்துவிடுகிறது. கவசத்தைக் கழற்றுவது என்றால் துல்லியமாக எழுதுவது.

இன்னொருவரைப் பற்றி எழுதும்போது இடறுவது பெரும்பாலும் ஒரு சிறு உருபில். ‘பார்வை இல்லாவிட்டாலும் சாதித்தார்’, ‘கால்கள் இயங்காத போதிலும் பட்டம் பெற்றார்’. இந்த ‘ஆலும்’, ‘போதிலும்’ என்ன செய்கின்றன? இவரால் முடியாது என்பதுதான் இயல்பு என்று முதலில் நிறுவிவிட்டு, பிறகு வியக்கின்றன. ஆஸ்திரேலியாவின் மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர் ஸ்டெல்லா யங் 2014இல் ஆற்றிய உரையில் இந்த வியப்பைத்தான் கண்டித்தார்: மற்றவர்கள் ஊக்கம் பெறுவதற்கான பண்டமாக எங்களை ஆக்காதீர்கள் என்றார். ‘ஆலும்’ வரும் இடத்தில் ‘எப்படி’ என்று கேட்டு எழுதினால் வாக்கியம் தானாகவே நேராகும். ‘திரைவாசிப்பு மென்பொருள் துணையோடு படித்தார், பாடநூல்கள் ஒலிவடிவில் கிடைக்கத் தாமதமானது’ என்று எழுதும்போது மனிதரும் தெரிகிறார், தடையும் தெரிகிறது.

தடை என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் நீண்டகாலக் குறைபாட்டை மட்டும் வைத்து மாற்றுத்திறனாளியை வரையறுக்கவில்லை. அந்தக் குறைபாடு தடைகளோடு சேரும்போது சமமான பங்கேற்பு தடுக்கப்படுகிறது என்கிறது. இது 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையிலிருந்து வந்த வரையறை. அதற்கும் முன்பே, 1976இல், பிரிட்டனில் உடற்குறை உள்ளவர்களே நடத்திய சங்கம் ஒன்று உடலின் குறைபாட்டையும் அதன் மேல் சமூகம் சுமத்தும் முடக்கத்தையும் தனித்தனியே பிரித்துக் காட்டியது. இந்தியச் சட்டத்தின் 8ஆம் பிரிவும் கவனிக்கத்தக்கது: பேரிடர், போர் போன்ற ‘ஆபத்தான சூழல்களில்’ பாதுகாப்பு என்று பேசுகிறது. ஆபத்து என்ற அடைமொழி அங்கே ஆள் மேல் விழாமல் சூழல் மேல் விழுகிறது.

இந்த வேறுபாடு தமிழருக்குப் புதிதில்லை. ‘தாழ்ந்த’ என்று சொல்லிக்கொண்டிருந்ததைத் ‘தாழ்த்தப்பட்ட’ என்று மாற்றியது இந்த மொழி. ‘பின்தங்கிய’ என்பது ‘பிற்படுத்தப்பட்ட’ ஆயிற்று. தாழ்ந்த என்றால் தானாகத் தாழ்ந்தது. தாழ்த்தப்பட்ட என்றால் தாழ்த்திய கை ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு வினை வடிவத்தில் ஒரு நூற்றாண்டு அரசியல் அடங்கியிருக்கிறது. உடற்குறையைப் பற்றி எழுதும்போது மட்டும் அந்த இலக்கணத்தை ஏன் மறந்துவிடுகிறோம்? ‘சக்கர நாற்காலியில் முடங்கியவர்’ என்று எழுதுகிறோம். நாற்காலியால் அவர் நகர்கிறார். படிக்கட்டுதான் அவரை முடக்குகிறது.

படிக்கட்டையே பார்ப்போம். வாசலில் 6 அங்குலப் படிகள் மூன்று என்றால் ஏற வேண்டிய உயரம் 18 அங்குலம். சாய்தளத்துக்கு ஏற்கப்பட்ட அளவு 1:12, அதாவது 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். ஆக இங்கே 18 அடி வேண்டும். இடம் இல்லை என்று படிகளின் மேலேயே 5 அடிக்கு சிமென்ட் பூசி ‘வசதி செய்துவிட்டோம்’ என்று பலகை மாட்டினால், சரிவு 1:3.3 ஆகிறது. தன் கையால் சக்கரத்தைத் தள்ளி அதில் ஏற முடியாது. ஏறப் பார்த்தால் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். இறங்கும்போது நிறுத்த முடியாது. கைப்பிடியும் இல்லையென்றால் கைத்தடியோடு வருபவருக்கும் அது ஆபத்து. இப்போது அந்த வாசலைப் பற்றி ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ‘பலவீனமானவர்கள் விழும் அபாயம் உள்ளது’ என்று எழுதினால் கொத்தனார், பொறியாளர், கட்டட உரிமையாளர் எல்லோரும் தப்பித்துவிடுகிறார்கள். ‘செங்குத்தான சாய்தளத்தால் ஊறுபடுகிறார்கள்’ என்றால் 13 அடி பாக்கி இருப்பது தெரியும்.

அதனால்தான் வல்னரபிலிட்டிக்கு ‘ஊறு’ என்ற சொல்லின் குடும்பத்தை முன்வைக்கிறேன். கெடு கேடு ஆவதைப் போல, படு பாடு ஆவதைப் போல, சுடு சூடு ஆவதைப் போல, உறு என்ற வினை நீண்டு ஊறு ஆகிறது. உறுதல் என்றால் அடைதல், தீண்டுதல். ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்ற 27ஆம் குறளில் ஊறு என்பது தொடுவுணர்வு. ‘ஊறொரால்’ என்ற 662ஆம் குறளிலோ அது பழுது, தடங்கல். இன்றும் ‘உயிருக்கு ஊறு விளைவிக்கும்’ என்கிறோம். இடையூறு என்ற அன்றாடச் சொல்லுக்குள்ளும் அது இருக்கிறது. தீண்டலும் காயமும் ஒரே சொல்லில் இருப்பது தற்செயலான அழகு என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. தோல் தொடுதலை உணர்வதாலேயே காயமும் படுகிறது. எழுதுகிறவர் கவசம் கழற்றி நிற்பதற்கும், மோசமான சாய்தளத்தில் ஒருவர் விழுவதற்கும் இரண்டுக்கும் இந்தச் சொல் நிற்கும். ஒன்று தானே ஏற்றது, மற்றது பிறர் திணித்தது. அந்த வேறுபாட்டை வினை காட்டிவிடும். எழுத்தாளர் ஊறுபட நிற்கிறார். படியால் ஒருவர் ஊறுபடுத்தப்படுகிறார்.

ஆளுக்குப் பெயராக மட்டும் இதை ஆக்க வேண்டாம். ‘ஊறுபடத்தக்கோர்’ என்று ஒரு கூட்டத்தைப் பெயரிட்டால் பழைய எச்சத்துக்கே திரும்பிவிடுவோம். 2008இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் மார்த்தா ஃபைன்மன் எழுதியது போல, ஊறுபடுதல் உடம்பு உள்ள எல்லோருக்கும் பொது. எதனால், எங்கே, எப்போது என்ற சொற்களோடு வினையாகவே எழுதலாம். நிலையைச் சொல்ல வேண்டுமானால் ‘ஊறுபடுநிலை’.

எழுத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஊறுகாயில் வரும் ஊறு வேறு; அது நீரிலோ உப்பிலோ ஊறுதல். தனியாக ‘ஊறும் தன்மை’ என்று எழுதினால் படிப்பவர் மனம் எலுமிச்சைக்கே போகும், எனவே ‘படு’ என்ற துணைவினை கட்டாயம். ‘ஊறுப்படு’ என்று ஒற்று மிகுத்து எழுதுவதும் தவறு. ‘கட்டு’ வன்தொடர்க் குற்றியலுகரம், அதனால் கட்டுப்படு. ‘ஊறு’ நெடில்தொடர்க் குற்றியலுகரம். பாடுபடு என்பதைப் போலவே ஊறுபடு.