ரிப்போர்ட் நார்மல், ஆனால் கட்டி தட்டுப்படுகிறதே

"மாமோகிராம் நார்மல்னுதானே மேடம் சொன்னாங்க, அப்புறம் எப்படி?"

பயாப்சி (திசுப் பரிசோதனை) முடிவு மார்பகப் புற்றுநோய் என்று கேட்டதும், அழுவதற்கு முன்பே பல பெண்கள் கேட்பது இதைத்தான். மார்பக அறுவைச் சிகிச்சை மருத்துவராக நான் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி. அதில் உள்ள கோபம் நியாயமானது. சொன்ன நேரத்தில் பரிசோதனைக்குப் போனவர்கள் இவர்கள்.

மாமோகிராம் என்பது மார்பக எக்ஸ்ரே. அந்தப் படத்தில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். பால் சுரப்பிகளும் நார்த் திசுவும் வெள்ளையாகத் தெரியும். புற்றுநோய்க் கட்டியும் வெள்ளைதான். அதனால் அடர்த்தியான மார்பகத்தில் கட்டி கண்ணில் படாமலே போகலாம். வயது குறைவாக இருந்தால் அடர்த்தி பெரும்பாலும் கூடுதல். நம் நாட்டிலோ, மேலை நாடுகளைவிட இளம் வயதிலேயே இந்த நோய் வருகிறவர்கள் அதிகம். லோபுலர் என்று ஒரு வகை உண்டு. அதன் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகப் பரவுமே தவிர, பெரும்பாலும் கட்டியாகத் திரளாது. இன்னும் சில, இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே வேகமாக வளர்ந்துவிடும். மாமோகிராம் சுமார் 8 புற்றுநோய்களில் ஒன்றைத் தவறவிடுகிறது என்கிறது அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம்.

நான்சி கப்பெல்லோ என்ற அமெரிக்கப் பெண்ணுக்கு மாமோகிராம் ஆண்டுதோறும் நார்மல் என்றே வந்தது. 2004இல் நோய் கண்டறியப்பட்டபோது அது நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தது. தன் மார்பகம் அடர்த்தியானது என்பதையே அதற்குப் பிறகுதான் அறிந்தார். அவர் விடாமல் போராடியதால் 2009இல் கனெக்டிகட் மாநிலத்தில் அடர்த்தியைப் பெண்ணிடம் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்தது. 2024 செப்டம்பரிலிருந்து அமெரிக்கா முழுவதும் அது கட்டாயம். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 2018இல் இறந்துவிட்டார்.

நம் ஊர் ரிப்போர்ட்டுகளிலும் பலவற்றில் ஏ, பி, சி, டி என்று அடர்த்தி குறிக்கப்பட்டிருக்கும். யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம். சி அல்லது டி (அடர்த்தி கூடுதல்) என்றிருந்தால், அல்ட்ராசவுண்டும் தேவையா என்று நீங்களே கேளுங்கள்.

நாற்பதுகளில் இருந்த ஒருவர், குளிக்கும்போது சோப்புக் கை வழுக்கினால் மட்டும் தட்டுப்படுகிறது என்று சொல்லி, விரலை வைத்து இடத்தைக் காட்டினார். மாஸ்டர் செக்கப் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. "அதான் நார்மல்னு வந்துடுச்சே" என்று வீட்டில் சொல்ல, இவரும் பொங்கல் கழியட்டும் என்று விட்டுவிட்டார். அல்ட்ராசவுண்டில் அதே இடத்தில் கட்டி இருந்தது. "அப்பவே வந்திருக்கணுமோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நல்ல ரிப்போர்ட்டை நம்பியதற்காக ஒரு பெண் தன்னையே நொந்துகொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு நார்மல் ரிப்போர்ட் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று விளக்கியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

இதைப் படித்துவிட்டு மாமோகிராமே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். அது கண்டுபிடிப்பவைதான் மிக அதிகம். ஆனால் புதிதாகக் கட்டி, காம்பு உள்வாங்குதல், ரத்தக் கசிவு, தோலில் சுருக்கம், அக்குளில் வீக்கம் என எது வந்தாலும், ரிப்போர்ட் போன மாதத்தியது என்றாலும், மருத்துவரிடம் காட்டுங்கள். கையால் பரிசோதிப்பது, அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் ஊசி பயாப்சி என்று பார்த்துத்தான் அந்தக் கட்டியைப் பற்றி முடிவுக்கு வர முடியும். ஸ்கேன் எடுப்பவரிடம் "சும்மா செக்கப்" என்று சொல்லாமல், "இந்த இடத்தில் கட்டி இருக்கிறது" என்று விரல் வைத்துக் காட்டுங்கள். பழைய படங்களையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.