தடிமனான காற்று மெத்தையில் படுத்தும் ஏன் குளிர்கிறது?

கூடாரம் போட்டு மலையில் தங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் காசை, உள்ளே நுழைந்து படுக்கும் பையான ஸ்லீப்பிங் பேக்கில் கொட்டுவார்கள். அடியில் விரிக்க ஏதோ ஒன்று இருந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். நடுராத்திரி முதுகும் இடுப்பும் சில்லிட்டு விழிப்பு வரும்போது பழி ஸ்லீப்பிங் பேக் மேல் விழும். அது பாவம், என்ன செய்யும்? உள்ளே இருக்கும் வாத்துத் தூவியோ செயற்கை இழையோ உப்பி நின்று காற்றைப் பிடித்து வைத்தால்தான் கதகதப்பு. நம் எடை விழுகிற அடிப்பக்கத்தில் அது நசுங்கித் தட்டையாகிவிடுகிறது. ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு குளிர் தாங்கும் என்று ஆய்வுக்கூடத்தில் அளக்கும்போதுகூட, சூடேற்றிய மனித பொம்மையை வெறுந்தரையில் கிடத்துவதில்லை. அடியில் நல்ல மெத்தை ஒன்று இருக்கும். பையில் அச்சிட்டிருக்கும் டிகிரிக் கணக்கு அந்த மெத்தையையும் சேர்த்துத்தான்.

மெத்தை வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை ஆர்-மதிப்பு என்ற எண்ணால் சொல்கிறார்கள். எண் கூடக் கூடத் தடுப்பு கூடும். அதுவும் நேர் விகிதத்தில்: ஆர் 4 உள்ள மெத்தை வழியாகப் போகும் வெப்பம், ஆர் 2 மெத்தை வழியாகப் போவதில் சரிபாதி.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தோலின் வெப்பம் 33 டிகிரி, தரை 3 டிகிரி, உடம்பு மெத்தையில் படும் பரப்பு அரை சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆர் 1 என்றால் தரைக்குப் போவது நொடிக்கு 85 ஜூல், அதாவது 85 வாட். ஆர் 2 என்றால் 43 வாட். ஆர் 4 என்றால் 21 வாட். தூங்கும் மனித உடம்பு உண்டாக்கும் வெப்பமே மொத்தம் 70, 75 வாட்தான். முதல் மெத்தையில் படுத்தவர் சம்பாதிப்பதைவிட அதிகமாகத் தரைக்குத் தாரை வார்க்கிறார். உடுத்தியிருக்கும் துணி கொஞ்சம் காப்பாற்றும், ஆனாலும் அவருக்குத் தூக்கம் வராது.

இப்போது விநோதமான பகுதிக்கு வருவோம். அசையாத காற்று அருமையான வெப்பத் தடுப்பான். ஊதினால் 10 செ.மீ. உயரம் வரும் காற்று மெத்தை ஒன்றை எடுத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் காற்று அசையவே இல்லை, வெப்பம் அதன் வழியாகக் கடத்தலில் மட்டும்தான் போகிறது என்று கணக்கிட்டால், ஆர்-மதிப்பு 20-க்கு மேல் வர வேண்டும். பனிப்பாறை மேலேயே படுக்கலாம். நிஜத்தில், உள்ளே வேறெதுவும் இல்லாத வெற்றுக் காற்று மெத்தைக்கு ஆர்-மதிப்பு 1-ஐ ஒட்டித்தான் வருகிறது. மீதி எங்கே போனது?

சூடான காற்று மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும், அந்தச் சுழற்சிதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். பாதி உண்மை. படுத்திருக்கும்போது சூடு மேல்பக்கம், குளிர் கீழ்ப்பக்கம். சூடான காற்று ஏற்கெனவே மேலேதான் இருக்கிறது. சுழல வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. உடம்பு படாத ஓரங்களும் பக்கச் சுவர்களும் குளிர்வதால் அங்கே கொஞ்சம் ஓட்டம் உண்டாகும். நாம் புரளும்போதெல்லாம் உள்ளே காற்று இங்குமங்கும் தள்ளப்படும். இவற்றால் இழப்பு உண்டு.

பெரிய திருடன் வேறு: கதிர்வீச்சு. மெத்தையின் மேல் உறை கதகதப்பாக இருக்கிறது, கீழ் உறை குளிர்ந்து கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே காற்றைப் பொருட்படுத்தாமல் அகச்சிவப்புக் கதிராக வெப்பம் பாய்கிறது. சாதாரண அறை வெப்பநிலையில் இது ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 வாட். இதை மட்டும் தனியாக ஆர்-மதிப்பாக மாற்றினால் 1-க்குச் சற்று மேல் வருகிறது. மெத்தையை 5 செ.மீ.யிலிருந்து 10 செ.மீ.க்கு உயர்த்தினாலும் இந்தப் பாய்ச்சல் அப்படியேதான் இருக்கும். உயரம் இடுப்பெலும்பு தரையில் இடிக்காமல் காக்கும், குளிரைத் தடுக்காது.

இதை மூன்று விதமாகச் சமாளித்திருக்கிறார்கள். பழைய வழி, மூடிய குமிழ்கள் கொண்ட ஃபோம் பாய். ஒவ்வொரு குமிழும் தனித்தனியாக அடைபட்டிருப்பதால் காற்று நகராது, கதிரும் நேராகத் தாண்ட முடியாது, தண்ணீரும் ஊறாது. 2 செ.மீ. தடிமனில் ஆர் 2 கிடைக்கிறது, எடை சுமார் 400 கிராம். முள் குத்தினாலும் கவலையில்லை. பக்கவாட்டில் படுப்பவர்களுக்குத்தான் இடுப்பு வலிக்கும்.

இரண்டாவது வழி பிறந்தது அமெரிக்காவின் சியாட்டிலில். 1970-களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனம் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் குறைத்தது. அப்படி வேலையிழந்த பொறியாளர்கள் ஜிம் லீ, நீல் ஆண்டர்சன் இருவரும் ஒரு நண்பரோடு சேர்ந்து, திறந்த குமிழ் ஸ்பாஞ்சைக் காற்றுப் புகாத உறைக்குள் ஒட்டி, ஒரு வால்வு வைத்தார்கள். வால்வைத் திறந்தால் நசுங்கிய ஸ்பாஞ்சு தானே விரிந்து காற்றை உறிஞ்சிக்கொள்ளும். தெர்ம்-எ-ரெஸ்ட் என்ற பெயரில் அது 1972-இல் வந்தது. இன்றும் வாகனத்தில் போய்த் தங்குபவர்களுக்கு இதுதான் சுகம் என்பேன். முதுகில் சுமக்கத்தான் கனம்.

மூன்றாவது வழி, திருடனையே நேராகப் பிடிப்பது. பிளாஸ்கின் உள்சுவரில் வெள்ளிப் பூச்சு இருப்பது எதற்கோ அதே காரணத்துக்காக, மெத்தைக்குள் அலுமினியம் பூசிய மெல்லிய படலங்களை அடுக்குகிறார்கள். பளபளப்பான பரப்பு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். தானும் மிகக் குறைவாகவே உமிழும். கூடவே சின்னச் சின்ன முக்கோண அறைகளாகப் பிரித்துக் காற்றின் நடமாட்டத்தையும் கட்டிவிடுகிறார்கள். நியோஏர் எக்ஸ்தெர்ம் என்எக்ஸ்டி என்ற மெத்தை அரைக் கிலோகூட இல்லை, ஆனால் ஆர் 7.3. விலையைக் கேட்டால்தான் வேர்க்கும். புரளும்போது சரசரவென்ற சத்தமும் உண்டு.

இதிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது. ஒருபக்கம் பளபளக்கும் மலிவு ஃபோம் பாயை வாங்கி, அந்தப் பக்கத்தைத் தரையில் படும்படி விரித்தால் பயன் எதுவும் இல்லை. கதிரைத் திருப்ப எதிரே காற்று இடைவெளி வேண்டும். தரையோடு ஒட்டிக்கிடக்கும் அலுமினியம் வெறும் கடத்திதான்.

முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிப்படி ஆர்-மதிப்பை அளந்து எழுதிக்கொண்டது. 2018-இல் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற தரநிலை வந்த பிறகு ஒழுங்குக்கு வந்திருக்கிறது. ஊதிய மெத்தையை இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து, மேல்தட்டை 35 டிகிரியிலும் கீழ்த்தட்டை 5 டிகிரியிலும் நிறுத்தி, மேல்தட்டு சூடு குறையாமலிருக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று அளப்பார்கள். இந்தத் தரநிலையின் பெயரே சொல்லாமல் ஆர்-மதிப்பு மட்டும் போட்டிருக்கும் மெத்தையை நான் நம்பமாட்டேன்.

சரி, எவ்வளவு வேண்டும்? கொடைக்கானல், வால்பாறை மாதிரி இடங்களில் வழக்கமான இரவுக்கு ஆர் 2 போதும். டிசம்பர், ஜனவரியில் நீலகிரியில் உறைபனி விழும் புல்வெளி என்றால் 3 அல்லது 4. இமயமலையில் கேதார்கந்தா போன்ற இடத்தில் பனி மேல் கூடாரம் என்றால் 5-க்குக் குறையக் கூடாது. புது மெத்தை வாங்கத் தேவையில்லை, ஆர்-மதிப்புகளைக் கூட்டலாம். ஆர் 2 ஃபோம் பாய் மேல் ஆர் 3.5 காற்று மெத்தையைப் போட்டால் 5.5. எதை மேலே போட்டாலும் கூட்டல் மாறாது. ஃபோமை அடியில் போட்டால் கல்லும் முள்ளும் மெத்தையைக் குத்தாது.

வாயால் ஊதினால் இன்னொரு தொல்லை. மூச்சுக்காற்று உடம்புச் சூட்டோடு உள்ளே போகிறது. இரவில் ஆறும்போது சுருங்கி மெத்தை தொய்கிறது. ஓட்டை என்று பயந்து தேடுபவர்கள் உண்டு. படுப்பதற்கு முன் இன்னும் இரண்டு மூச்சு ஊதினால் சரியாகிவிடும். மெத்தையை முழுதாக ஊதும் ஒவ்வொரு முறையும் மூச்சோடு 2 கிராம் அளவுக்கு நீராவியும் உள்ளே போய்ப் பூஞ்சைக்கு வழிவிடும். இதற்கென்றே பை போன்ற பம்புகள் கிடைக்கின்றன. வாங்காதவர்கள், ஊருக்கு வந்ததும் வால்வைத் திறந்தபடியே சில நாள் நிழலில் மெத்தையைத் தொங்கவிட வேண்டும்.