சொறிந்தால் அரிப்பு ஏன் அடங்குகிறது?

கால் விரல் மேசையில் இடித்துக்கொண்டால் முதலில் சுரீரென்று வலிக்கிறது. அது அடங்குவதற்குள், ஏறத்தாழ ஒரு விநாடி பிந்தி, மந்தமாக எரியும் இன்னொரு வலி பரவுகிறது. இடி ஒன்றுதான் என்றாலும், செய்தியைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகள் இரு வகை. ஏ-டெல்டா இழைகளுக்கு மயலின் என்னும் கொழுப்புறை மெல்லியதாக உண்டு. அவற்றில் மின்துடிப்பு விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை பாய்கிறது. உறையே இல்லாத சி இழைகளின் தடிமன் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர். வேகமும் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். விரலிலிருந்து தண்டுவடம் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம் இருப்பதால், இரண்டாம் வலி அவ்வளவு தாமதமாகிறது.

இவ்விழைகளின் நுனிகள் தோலின் மேலடுக்குவரை கிளைத்து நிற்கின்றன. அங்கே உணரும் வேலையைச் செய்பவை சவ்வில் பதிந்த புரதங்கள். அமெரிக்க உடலியலாளர் டேவிட் ஜூலியஸின் குழு 1997இல் அடையாளம் கண்ட டிஆர்பிவி1 என்ற புரதம், சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்திலும் மிளகாயிலுள்ள கேப்சைசினாலும் திறக்கிறது. அதன் வழியே சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே புக, இழையில் துடிப்பு எழுகிறது. காரம் பட்ட நாவும் சூடு பட்ட விரலும் ஒரே வாயிலில்தான் முறையிடுகின்றன.

அரிப்பையும் பெரும்பாலும் சி இழைகளே சுமப்பதால், அது வலியின் மெலிந்த வடிவம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள் வெளிவிடும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளுக்கு நீடித்துத் துடிக்கும் சில சி இழைகள் மனிதரிடம் 1997இல் பதிவானபோது, அரிப்புக்கெனத் தனி இழைகள் உண்டு என்று தோன்றியதால் அக்கருத்து ஆட்டம் கண்டது. ஆனால் ஹிஸ்டமின் மட்டுமே காரணமன்று: பூனைக்காலியின் சுனை தோலில் பட்டால் வேறு சி இழைகள் ஹிஸ்டமின் இல்லாமலேயே தூண்டப்படுகின்றன. நாள்பட்ட அரிப்பு பலவற்றுக்கு ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரைகள் பலன் தராததும் இதனால்தான்.

இரண்டு உணர்வுகளும் எதிரெதிராக மோதும் இடம் தண்டுவடம். எலிகளின் தண்டுவடத்தில் ஜிஆர்பி என்ற அரிப்புச் செய்தி மூலக்கூறைப் பெறும் புரதம் (ஜிஆர்பி ஏற்பி) கொண்ட நரம்பணுக்களை அழித்தபோது, எலிகள் அரிப்புக்குச் சொறிவது வெகுவாகக் குறைந்தது, வலியுணர்வோ மாறவில்லை. நகத்தால் சொறிவது சிறு வலியை உண்டாக்குகிறது. அவ்வலி தண்டுவடத்தின் தடுப்பு நரம்பணுக்களைத் தூண்ட, அவை அரிப்பின் பாதையைச் சற்று நேரம் அடைக்கின்றன. இதன் மறுபக்கத்தை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள்: வலி நீக்கத் தண்டுவடத்தில் மார்ஃபின் செலுத்தப்பட்டவர்களில் பலருக்கு, வலி போன கையோடு அரிப்பு தொடங்கிவிடுகிறது.