எறும்புப் பவுடரைக் கையில் எடுக்கும் முன்

ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் பெய்தால் போதும், எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை எறும்பைப் பற்றியவையாகவே இருக்கும். புற்றுக்குள் நீர் இறங்கியதும் எறும்புகள் தங்கள் முட்டைகளையும் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் வாயில் கவ்விக்கொண்டு உலர்ந்த மேட்டைத் தேடி ஏறுகின்றன. அவற்றின் கணக்கில் நம் சமையலறைச் சுவரின் விரிசலும், சுவிட்ச் பெட்டியின் உட்புறமும், நிலைக்கதவின் இடுக்கும் உலர்ந்த மேடுகள்தாம். அழைப்பவர்கள் எல்லோரும் "என்ன பவுடர் போடலாம் சார்?" என்றே கேட்கிறார்கள். வேளாண் பூச்சியியல் படித்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெஸ்ட் கண்ட்ரோல் தொழிலில் இருக்கும் நான், "வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறதா?" என்று முதலில் திருப்பிக் கேட்கிறேன். எறும்பால் ஒரு குடும்பத்துக்கு வரும் தொல்லையைவிட, எறும்பை ஒழிக்கத் தூவிய பொருளால் வந்த ஆபத்துகளையே என் தொழிலில் அதிகமாகப் பார்த்திருக்கிறேன்.

மதுரையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் இருந்த குடும்பம், சமையல் மேடையில் ஊர்ந்த மங்கிய மஞ்சள் நிறச் சிற்றெறும்புகளுக்காக மூன்று மாதத்தில் நான்கு முறை ஸ்பிரே அடித்திருந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் அமைதி. அதன் பிறகு முன்பைவிட அதிக இடங்களில் எறும்பு. நான் போனபோது குளியலறையிலும் பூஜை அலமாரியிலும் படுக்கையறைச் சுவரிலும் தனித்தனிச் சாரைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளமே உள்ள இந்த வகையின் ஒரே கூட்டில் பல ராணிகள் இருக்கும். மருந்தின் நெடி பட்டதும் கூட்டம் கலைந்து, ராணிகள் கொஞ்சம் வேலைக்கார எறும்புகளையும் புழுக்களையும் அழைத்துக்கொண்டு வெவ்வேறு இடுக்குகளில் புதுக்கூடு அமைத்துவிடும். மருத்துவமனைகளில் கிருமிகளைச் சுமந்து திரிவதாக அறியப்பட்டதும் இந்த எறும்புதான். அந்தக் குடும்பம் பணம் செலவழித்து, குழந்தைகள் உறங்கும் அறை வரை மருந்து அடித்து, ஒரு கூட்டைப் பல கூடுகளாக்கியிருந்தது.

நம் கண்ணில் படும் எறும்புகள் ஒரு கூட்டத்தின் சிறு பங்குதான் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் புரிந்துவிடும். இரை தேடும் எறும்புகள் மட்டுமே வெளியே வருகின்றன. முட்டையிடும் ராணியும் புழுக்களும் அவற்றைப் பராமரிக்கும் எறும்புகளும் உள்ளே இருக்கின்றன. சர்க்கரையைக் கண்ட முதல் எறும்பு, திரும்பும் வழியெல்லாம் வயிற்றைத் தரையில் தொட்டு ஒரு வேதித் தடத்தை இட்டுச் செல்கிறது. அந்த வாசனையைப் பிடித்து அடுத்தவை வருகின்றன, அவையும் தடத்தை வலுப்படுத்துகின்றன. ஆகவே சாரையை நசுக்குவதாலோ ஸ்பிரே அடிப்பதாலோ கூட்டத்துக்குப் பெரிய இழப்பில்லை. தடத்தை அழிப்பதும், அவற்றை இழுக்கும் உணவை மறைப்பதும், கூட்டுக்குள்ளேயே மருந்து போய்ச்சேர வழிசெய்வதுமே பயன் தரும்.

தடத்தை அழிக்கப் பாத்திரம் துலக்கும் சோப்பு கலந்த நீரே போதும். துணியை அதில் நனைத்து, சாரை ஓடிய பாதை முழுவதையும், சுவரில் அது மறையும் துளை வரை அழுத்தித் துடைக்க வேண்டும். வெறும் நீரால் துடைத்தால் சற்று நேரத்தில் மறுபடியும் வந்துவிடும். வினிகரும் இதே வேலையைச் செய்யும். மஞ்சள்தூளும் சாதாரணச் சுண்ணக்கோலும் எறும்பைக் கொல்வதில்லை. தடத்தைக் குறுக்கே மறித்துச் சில மணி நேரம் திகைக்கவைக்கும். தீங்கில்லாதவை என்பதால் நான் அவற்றைத் தடுப்பதில்லை, ஆனால் அவற்றை மட்டும் நம்பியிருக்கச் சொல்வதும் இல்லை.

உணவு விஷயத்தில் நம் பழைய வீடுகளில் இருந்த உறியும், அலமாரிக் கால்களுக்கு அடியில் வைத்த தண்ணீர்க் கிண்ணமும் இன்றைக்கும் மிகச் சிறந்த ஏற்பாடுகள். தண்ணீர்க் கிண்ணத்துக்கு மட்டும் ஒரு திருத்தம் சொல்வேன். தேங்கிய நன்னீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதால், அதில் இரண்டு சொட்டு சோப்பு நீரைக் கலந்து, வாரம் ஒரு முறை கொட்டித் தேய்த்துக் கழுவிவிட்டுப் புதுநீர் ஊற்ற வேண்டும். சர்க்கரை, வெல்லம், தேன், நெய் ஆகியவற்றின் டப்பாக்களை இறுக மூடுவதோடு அவற்றின் வெளிப்புறத்தில் வழிந்த பிசுக்கையும் துடைக்க வேண்டும். நான் போகும் வீடுகளில் பெரும்பாலும் சாரை போய்ச்சேரும் இடம் டப்பாவின் உள்ளே அல்ல, அதன் மூடியின் விளிம்பில்தான். சித்திரை, வைகாசியில் வரும் எறும்புகள் பல நேரம் உணவைவிடத் தண்ணீரைத் தேடியே வருகின்றன; சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுவதே அந்த வீட்டுக்கான எறும்பு மருந்து.

பலர் கவனிக்காத இன்னோர் இடம் பால்கனியில் வைத்திருக்கும் செம்பருத்தித் தொட்டி. மாவுப்பூச்சியும் அசுவினியும் செடியின் சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவை வெளியேற்றுகின்றன. எறும்புகள் அந்தத் தேன்கழிவுக்காக அப்பூச்சிகளைக் காவல் காத்து வளர்க்கின்றன. எத்தனை முறை சமையலறையைத் துடைத்தாலும் எறும்பு வருகிறது என்று ஒருவர் சொன்னால், நான் முதலில் செடிகளின் இலையைத் திருப்பிப் பார்ப்பேன். வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியை வேப்பெண்ணெயும் சிறிது சோப்பும் கலந்த நீரால் நீக்கிவிட்டால், அந்த வழியாக வரும் எறும்பு தானாகவே குறையும். மாமரத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு, மரத்தின் பூச்சிகளைத் தின்று நமக்கு உதவுகிறது. கிளை வீட்டைத் தொடாதபடி வெட்டிவிட்டு அதை விட்டுவிடலாம்.

இத்தனைக்குப் பிறகும் வரும் எறும்புக்கு, மருந்து கலந்த இரையே என் பரிந்துரை. வேலைக்கார எறும்பால் திட உணவை விழுங்க முடியாது. நீர்ம உணவை வயிற்றில் நிரப்பிக்கொண்டு போய், கூட்டில் உள்ளவற்றுக்கு வாயோடு வாய் வைத்து ஊட்டும். அந்த ஊட்டல் வழியாகவே மருந்தும் ராணி வரை செல்ல வேண்டும்; வழியிலேயே எறும்பு செத்துவிட்டால் பயனில்லை. எனவே மருந்து மெதுவாக வேலை செய்வதாகவும் மிகக் குறைந்த அளவிலும் இருப்பது அவசியம். அரை லிட்டர் வெந்நீரில் 50 கிராம் சர்க்கரையையும் 5 கிராம் போரிக் அமிலத்தையும் முழுவதும் கரைத்து ஆறவைத்தால், ஏறத்தாழ 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். அதிகம் போட்டால் வேகமாகச் சாகும் என்று இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சேர்ப்பவர்கள் தோற்றுப்போகிறார்கள்; எறும்பு வாய் வைக்காது, அல்லது கூடு சேரும் முன் செத்துவிடும். மூடியில் நான்கைந்து சிறு துளைகள் இட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள், கரைசலில் நனைத்த பஞ்சை வைத்து, சாரை ஓடும் பாதைக்கு அருகில், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் போன்ற குழந்தையின் கை எட்டாத இடத்தில் ஒட்டிவைக்க வேண்டும்.

முதல் இரண்டு நாள் எறும்பு கூட்டம் கூட்டமாக வரும். அதைப் பார்த்துப் பதறி ஸ்பிரே அடித்துவிடுவதால்தான் பல வீடுகளில் இந்த முறை கெட்டுப்போகிறது. இரை வேலை செய்யும் நாட்களில் சாரையைத் துடைக்கவும் கூடாது. மூன்று நாளுக்கு ஒரு முறை பஞ்சை மாற்றி, இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். பெரிய கூடாக இருந்தால் இன்னும் சில நாள் ஆகலாம். இனிப்புக்கு எறும்பு வரவில்லை என்றால், வறுத்த நிலக்கடலைப் பொடியையும் கருவாட்டுத் துணுக்கையும் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். புழுக்கள் வளரும் காலத்தில் சில வகைகள் புரதத்தையும் கொழுப்பையுமே நாடும். அப்போது அதற்கேற்ற இரை தேவைப்படும்.

போரிக் அமிலம் மருந்துக்கடையில் கிடைக்கிறது, கேரம் பலகையில் தூவும் பவுடரும் பெரும்பாலும் அதுவே. இதனால் அதை உப்பைப் போன்ற சாதுவான பொருள் என்று எண்ணுகிறார்கள்; அது தவறு. உட்கொண்டால் வாந்தி, பேதி, தோல் சிவத்தல் ஏற்படும், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். குழந்தைக்குச் சிறிய அளவே உயிராபத்தாகும். அரிசியிலும் பருப்பிலும் வண்டு வராமல் இருக்க இதைக் கலந்துவைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. தயவுசெய்து அதை இன்றே நிறுத்துங்கள். இரையைக் கலக்கிய கரண்டியும் பாத்திரமும் மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது. மீந்த கரைசலைக் குடிநீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றிவைக்கவே கூடாது.

மளிகைக் கடையில் பொட்டலமாகக் கட்டித் தரப்படும் எறும்புப் பவுடரைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. உறையும் பெயரும் இல்லாத அந்தத் தூளில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. பெரியவர்கள் இன்றும் எல்லா எறும்பு மருந்தையும் 'கமாக்சின்' என்றே அழைக்கிறார்கள். அந்தப் பெயரில் விற்ற பி.எச்.சி. என்ற பூச்சிக்கொல்லி 1997-லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது, அதன் நெருங்கிய உறவான லிண்டேனின் பயன்பாட்டுக்கும் 2013-இல் தடை வந்தது. வயலுக்கான மெத்தில் பாரத்தியான் தூளும் 2018-இல் தடை செய்யப்பட்டது. ஆனால் பரணில் கிடக்கும் பழைய பொட்டலம் தடைச் சட்டத்தை அறியாது. கோலமாவு, சோடா உப்பு, அரிசி மாவு ஆகியவற்றோடு ஒரே தட்டில் கிடக்கும் வெள்ளைத் தூளை அவசரத்தில் கை மாற்றி எடுப்பதற்கு ஒரு நொடி போதும். சுவரோரம் தூவிய தூளோ, மின்விசிறிக் காற்றிலும் துடைப்பத்திலும் ஈரத்துணியிலும் ஏறி அறை முழுவதும் பரவுகிறது. தரையில் தவழ்ந்து, அதே கையை வாயில் வைக்கும் குழந்தைதான் அதை முதலில் உண்கிறது.

எறும்புச் சாக்பீஸும் அப்படித்தான். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லி கலந்த அந்தக் கட்டியை, பள்ளிச் சாக்பீஸின் வடிவிலேயே செய்திருப்பது எனக்கு ஒருபோதும் ஏற்புடையதாக இல்லை. கோடு கிழித்துவிட்டு அதைச் சன்னல் திட்டில் வைத்துவிடும் வீட்டில், மூன்று வயதுக் குழந்தை அதை எடுத்துச் சுவரில் எழுதாமல் இருக்குமா? பாலாடை தேடி எறும்பு வருகிறது என்று தொட்டிலைச் சுற்றிக் கோடு போடுவதையும் கண்டிருக்கிறேன். குழந்தை பால் குடித்ததும் வாயையும் கழுத்து மடிப்பையும் ஈரத்துணியால் துடைத்து, கக்கிய துணியை உடனே மாற்றினால், அந்தக் கோட்டுக்குத் தேவையே இராது.

பூச்சிக்கொல்லி டப்பா எதிலும் ஒரு வண்ண முக்கோணம் அச்சிடப்பட்டிருக்கும். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறைந்துகொண்டே வரும். உணவுப் பொட்டலத்தில் சைவத்தைக் குறிக்கும் பச்சைப் புள்ளியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பச்சை முக்கோணம் 'மூலிகை' என்றும் 'தீங்கற்றது' என்றும் தோன்றுகிறது. அதுவும் நஞ்சுதான், வீரியம் குறைந்தது, அவ்வளவே. முக்கோணமே இல்லாத பொருளை வாங்கவே வேண்டாம். மண்ணெண்ணெய் ஊற்றுவதையும், புற்றுக்குள் பெட்ரோல் விட்டுக் கொளுத்துவதையும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒன்று நுரையீரலையும் மற்றொன்று வீட்டையும் எரிக்கும்.

யாரேனும் எறும்பு மருந்தை விழுங்கிவிட்டால், உப்புக் கரைசலோ புளிக்கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கினால் நிலைமை மோசமாகும். வாயில் மீதமிருப்பதைத் துடைத்தெடுத்து, மேலே பட்டிருந்தால் உடையைக் களைந்து சோப்பால் கழுவி, 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எச்சில் வழிதல், வியர்த்துக் கொட்டுதல், கண்மணி சுருங்குதல், மூச்சுத்திணறல், வலிப்பு ஆகிய எதுவும் தெரியாவிட்டாலும் 'பார்க்கலாம்' என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. டப்பாவையோ பொட்டலத்தையோ மறக்காமல் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவருக்கு அந்தப் பெயர்தான் முதல் துப்பு. தில்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117.

எங்களைப் போன்றவர்களை அழைப்பதென்று முடிவுசெய்தாலும், வருபவர் வாசலிலேயே ஸ்பிரே கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றால் சற்று நிறுத்துங்கள். எந்த வகை எறும்பு என்று பார்த்தாரா, கூடு எங்கே என்று தேடினாரா, இரை வைத்துத் தீர்க்க முடியாதா என்று கேளுங்கள். மீன் தொட்டியும் பூனையும் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஏனெனில் எங்கள் மருந்துகளில் பல அவற்றுக்குக் கொடிய நஞ்சு. பயன்படுத்தப்போகும் மருந்தின் வணிகப் பெயரை மட்டும் அல்லாமல், அதிலுள்ள வேதிப்பொருளின் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி, அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். எழுதித் தரத் தயங்குபவரை வீட்டுக்குள் மருந்து அடிக்க விடாதீர்கள்.