சிரிச்சா முட்டி மடங்குதா? யாரும் கேட்காத ஒரு கேள்வி

போன வாரம் ஓபி முடிகிற நேரத்தில் ஒரு பையன் வந்தான். ப்ளஸ் ஒன். காங்கேயம் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடையாளம் தெரியாதிருக்க விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். கூட அப்பா, அம்மாயி, வகுப்புத் தோழன் ஒருவன். அப்பா கையில் மஞ்சப்பை நிறைய பழைய ரிப்போர்ட்டுகள்.

"டாக்டருங்க, பையன் படிப்புல கெட்டிங்க. ரெண்டு வருசமா எந்நேரமும் தூக்கமாவே கெடக்கறானுங்க. ஹாஸ்டல்ல சேர்த்தும் பாத்தாச்சு, செல்போனைப் புடுங்கியும் பாத்தாச்சு. சோம்பேறித்தனமுங்களா, இல்லீன்னா காத்துக் கருப்பு ஏதாச்சும் அண்டிருச்சுங்களா?"

பையைப் பிரித்தேன். தைராய்டு, சுகர், ரத்தசோகை, மூளை ஸ்கேன், இஇஜி, எல்லாம் இருந்தன. எல்லாம் நார்மல். அப்படியும் "திடீரென விழுகிறான்" என்ற ஒரு வரியை வைத்து இரண்டு வருடமாகக் காலையும் இரவும் வலிப்பு மாத்திரை. மணிக்கட்டில் மூன்று மந்திரித்த கயிறு.

நான் கேட்டது ஒன்றுதான். "சிரிக்கறப்ப கை கால் தளந்து போகுதா சாமி?"

பையன் நிமிர்ந்து பார்த்தான். கண் கலங்கிவிட்டது. "ஆமாங்க. ஃப்ரெண்ட்ஸ் ஜோக் சொன்னா மொதல்ல தாடை தொங்கிருதுங்க. அப்புறம் முட்டி மடங்கி விழுந்துருவேன்." நினைவு போகிறதா என்று கேட்டேன். "இல்லீங்க. சுத்தி நின்னு பேசறது பூராவும் கேக்கும். வாயைத்தான் தெறக்க முடியாதுங்க."

இரண்டு வருடத்தில் எத்தனையோ பேர் அவனைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் இதைக் கேட்கவில்லை. இந்த வருடத்தில் இப்படி வந்த மூன்றாவது பிள்ளை இவன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்த நோய்க்கு நார்கொலெப்ஸி என்று பெயர். சிரித்தால், திடுக்கிட்டால், கோபம் வந்தால் தசை தளர்ந்து விழுவது அதன் ஓர் அறிகுறி. அதைக் கேட்டப்ளெக்ஸி என்போம். சில நொடிகள், மிஞ்சினால் ஓரிரு நிமிடம். நினைவு தப்பாது. வலிப்பிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுகிற முக்கியமான விஷயம் இது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஸ்கேன் எதுவும் வேண்டாம்.

இனி, என்னை மிகவும் வாட்டுகிற பேச்சுக்கு வருகிறேன். "நல்லாத் தூங்கறான், அதுல என்ன நோய்?" என்பது. ஆசிரியர்கள் சொல்கிறார்கள், மாமனார் வீட்டில் சொல்கிறார்கள், சில மருத்துவர்களும் சொல்கிறார்கள். தயவுசெய்து இதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். நார்கொலெப்ஸி உள்ளவர் 24 மணி நேரத்தில் தூங்கும் மொத்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், அது உங்களுக்கும் எனக்கும் ஆகிற கணக்கைவிடப் பெரிதாக அதிகமிருக்காது. பகலில் பத்து இடத்தில் கண் சொருகும். இரவில் பத்துத் தடவை விழிப்பு வரும். கெட்டுப்போயிருப்பது தூக்கத்தின் அளவல்ல. தூக்கம் எப்போது வர வேண்டும், விழிப்பு எப்போது நிலைக்க வேண்டும் என்று பிடித்து வைக்கிற ஏற்பாடு கெட்டிருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறது. மடை திருப்புகிற ஆள் இல்லை. தண்ணீர் நினைத்த வயலுக்குள் நினைத்த நேரத்தில் பாய்கிறது. கனவுத் தூக்கத்தில் உடல் அசையாமல் இருப்பதற்காக மூளை தசைகளைத் தளர்த்திவிடும். அந்தத் தளர்ச்சி விழித்திருக்கும்போது பாய்ந்தால் கேட்டப்ளெக்ஸி. படுத்த உடனே அல்லது எழும்போது பாய்ந்தால், கண் திறந்திருக்கும், நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும், அசைய முடியாது. நம் ஊரில் இதைத்தான் அமுக்குவான் பேய் என்கிறோம். பேய் ஓட்டுவதற்குச் செலவழித்த பணத்தில் பாதி இருந்திருந்தால் அந்தப் பையனுக்குத் தூக்கப் பரிசோதனை முடிந்திருக்கும். (அமுக்குவான் அனுபவம் எப்போதாவது ஒரு தடவை நல்ல உடல்நிலை உள்ளவருக்கும் வரும். அது மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம்.)

ஆகவே "ராத்திரி நேரத்தோட படுத்தா சரியாயிரும்" என்பது இவர்களுக்குப் பொருந்தாது. ஒன்பது மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தாலும் முதல் பீரியடில் கண் சொருகும். பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தால் நின்றபடியே தூங்குவான். முகத்தில் தண்ணீர் அடிப்பது, முட்டி போட வைப்பது, "எருமை" என்று வகுப்பு முன்னால் திட்டுவது எல்லாம் நோயாளியை அடிப்பதற்குச் சமம். பெரும்பாலும் 10 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில்தான் தொடங்குகிறது; படிப்பும் வேலையும் கல்யாணப் பேச்சும் நடக்கிற வயது. பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் உடல் எடையும் கிடுகிடுவென ஏறும். "தின்னுட்டுத் தூங்கறான்" என்று இன்னொரு பழி.

இது புதிதாகக் கிளம்பிய நோய் இல்லை. பிரெஞ்சு மருத்துவர் கெலினோ 1880-இலேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார். காரணம் தெரியத்தான் இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் வில்லியம் டெமென்ட் குழுவினர் இதே நோயுள்ள டாபர்மேன் நாய்களை வளர்த்து ஆராய்ந்தார்கள். தீனியைக் கண்ட சந்தோஷத்தில் அந்த நாய்கள் அப்படியே சரிந்து விழும். 1998-இல் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் ஓரெக்ஸின் என்ற, விழிப்பைப் பிடித்து வைக்கிற பொருளை இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. ஒரு குழு வைத்த பெயர் ஹைப்போகிரெட்டின், இரண்டும் ஒன்றே. 1999-இல் எம்மானுவேல் மின்யோ குழு அந்த நாய்களில் பழுதானது ஓரெக்ஸினை வாங்கிக்கொள்ளும் ஏற்பி என்று காட்டியது. அதே ஆண்டு மசாஷி யனாகிசாவா குழு, ஓரெக்ஸின் இல்லாத எலிகளிலும் இதே நோயைக் கண்டது. 2000-இல் மனித மூளையைப் பார்த்தபோது, கேட்டப்ளெக்ஸியோடு வரும் வகையில், சுமார் 70,000 இருக்க வேண்டிய, ஓரெக்ஸினைச் சுரக்கும் செல்களில் 85 முதல் 95 சதவீதம் காணவில்லை. உடலின் எதிர்ப்பாற்றலே அவற்றை அழித்துவிடுகிறது என்பதற்கான சான்றுகள் வலுவாக இருக்கின்றன. சோம்பேறித்தனம் என்று சொல்பவர்களிடம் நான் காட்ட விரும்புவது இந்த எண்ணிக்கையைத்தான்.

அமெரிக்க, ஐரோப்பியக் கணக்குகளில் ஏறக்குறைய 2000 பேருக்கு ஒருவர். நம் பக்கத்தில் ஒரு பெரிய பள்ளிக்கு ஒரு பிள்ளை என்று மனதில் வைத்தால்கூடப் போதும், ஆசிரியர் கண்ணில் படும்.

பரிசோதனை வலிக்காது. ஓர் இரவு ஸ்லீப் லேபில் படுக்க வேண்டும். மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாக ஐந்து குட்டித் தூக்கம். சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூங்கி, இரண்டு தடவையாவது கனவுத் தூக்கத்துக்குள் நேராகப் போனால் சந்தேகம் உறுதியாகிறது. ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஸ்பின்னிங் மில்லில் ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்க்கும் பெண் ஒருவருக்கு, நைட் ஷிஃப்ட் வாரம் முடிந்த கையோடு இந்தச் சோதனையைச் செய்து, நார்கொலெப்ஸி என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு வாரம் பகல் ஷிஃப்ட் மட்டும் கொடுக்கச் சொல்லி, ஒழுங்காகத் தூங்க வைத்துத் திரும்பச் செய்தோம். நார்மல். அவருக்குத் தேவை மாத்திரையில்லை, தூக்கம். சோதனைக்கு முன் இரண்டு வாரத் தூக்கக் குறிப்பு இல்லாமல் என்னிடம் யாரையும் அனுப்பாதீர்கள் என்று சக மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதுவும் முடிவைக் கெடுக்கும். நிறுத்துவதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பகல் தூக்கமெல்லாம் நார்கொலெப்ஸியும் இல்லை. சங்ககிரி, நாமக்கல் லாரி ஓட்டுநர்கள், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர்கள் பலருக்கும் இருப்பது குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் நோய். 43 சென்டிமீட்டருக்கு மேல் கழுத்துச் சுற்றளவு, ஊரே கேட்கும் குறட்டை, காலையில் தலைவலி இருந்தால் அடுத்த லோடு ஏற்றும் முன் காட்டிவிடுங்கள். அதற்குக் காற்றழுத்தக் கருவி 1981-லிருந்து இருக்கிறது. சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் விடியற்காலை நடக்கும் விபத்துகளை "பிரேக் பிடிக்கல" என்று எழுதிவிட்டுப் போகிறோம். ஓட்டுநர் எத்தனை மணிக்குத் தூங்கினார் என்று யாராவது கேளுங்கள்.

நோய் உறுதியான பிறகு செய்ய வேண்டியவை. சிகிச்சை நிலைப்பட்டு மருத்துவர் சொல்லும் வரை பைக் சாவியை வாங்கி வையுங்கள். கிணற்றில் தனியாக நீச்சல் கூடவே கூடாது. தடுப்புச் சுவர் இல்லாத தோட்டத்துக் கிணற்று மேட்டில் உட்காரவும் விடாதீர்கள். விசைத்தறி, கட்டிங் மெஷின் அருகில் வேலை என்றால் முதலாளியிடம் பேசி மாற்றுங்கள். விழுந்தால் இரும்புச் சாவியைக் கையில் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். தலையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். அவருக்கு எல்லாம் கேட்கும், அதனால் பேச்சிலும் கவனம் வேண்டும்.

மாத்திரை வாழ்நாள் முழுக்கத் தேவைப்படலாம். மோடாஃபினில் பகல் விழிப்புக்கு. கருத்தடை மாத்திரையின் வேலையை அது குறைக்கும், கல்யாணமான பெண்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. கேட்டப்ளெக்ஸிக்கு வென்லாஃபாக்ஸின் எடுப்பவர்கள் திடீரென நிறுத்தினால் விழுவது முன்னைவிட மோசமாகத் திரும்பும். பரீட்சைக்கு முழித்துப் படிக்க என்று அண்ணனின் மோடாஃபினிலைத் தம்பி விழுங்குவதும் நடக்கிறது. வேண்டாம் கண்ணுகளா.

ஓரெக்ஸினின் வேலையைச் செய்யும் மாத்திரைகள் இப்போது ஆய்வில் இருக்கின்றன. முதலில் வந்த ஒன்று நன்றாக வேலை செய்தும் கல்லீரலைக் கெடுத்ததால் நிறுத்தப்பட்டது. அடுத்ததான ஓவிபோரெக்ஸ்டனின் இரண்டாம் கட்ட முடிவுகள் 2025-இல் நம்பிக்கை தரும்படி வெளிவந்தன. மருந்து ஆய்வு என்றாலே "எலி மாதிரி வெச்சுச் சோதிப்பாங்க" என்று பயப்படுகிறார்கள். கெடுத்தது தெரிந்ததும் நிறுத்தினார்களே, அதற்குத்தான் இத்தனை கட்டங்கள். இந்தியாவில் எந்த மருந்து ஆய்வையும் அரசின் ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும், நெறிமுறைக் குழு ஒப்ப வேண்டும், உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிக் கையெழுத்து வாங்க வேண்டும். பாதியில் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு. யாராவது அழைத்தால் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

அந்தப் பையனுக்குப் பரிசோதனை முடிந்தது, சந்தேகப்பட்டதுதான். வலிப்பு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டிருக்கிறோம். மதிய இடைவேளையில் 20 நிமிடம் ஓய்வறையில் படுக்க அனுமதிக்கும்படி பள்ளிக்குக் கடிதம் கொடுத்தேன். அப்பாவும் அம்மாயியும் வெளியே போன பிறகு, அதுவரை பேசாமலிருந்த தோழன் மட்டும் கதவருகே நின்றான்.

"டாக்டருங்க, நான் ஜோக் சொல்லித்தான் அவன் அடிக்கடி உழுவான். இனி அவன்கிட்டச் சொல்லக்கூடாதுங்களா?"

"தாராளமாச் சொல்லு சாமி. அவன் உக்காந்திருக்கறப்பச் சொல்லு."